சந்தனமாரி வாசலில் விழுந்த நிழல்

மொட்டைத்தருவைக் காலனியில் மரம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பளம், நடுவில் அரசாங்கம் அளந்து கொடுத்த மண்ணில் வரிசையாக வீடுகள், வீட்டுக்கு ஒரு கதவு, ஒரு சன்னல், கதவைத் திறந்தால் வெயில். அந்த வெயிலும் மேலேயிருந்து மட்டும் வருகிற வெயில் இல்லை. பாத்திகளில் விளைந்து கிடக்கும் உப்பில் விழுந்து, அங்கிருந்து எழும்பி, கீழேயிருந்தும் முகத்தில் அடிக்கிற வெயில். வேம்பு வைத்துப் பார்த்தவர்கள் உண்டு, முருங்கை வைத்துப் பார்த்தவர்கள் உண்டு, பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் தென்னை வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. எல்லாம் ஒரு கோடைகூடத் தாங்காமல் நுனி கருகி அடி வெளுத்துப் போயின, பிடுங்கினால் வேரில் உப்பு பூத்திருந்தது. அதனால் அந்த ஊர்க்காரர்கள் மரத்தை மறந்துவிட்டு, விடியுமுன் அளத்துக்குப் போவதும், உச்சிக்குத் திரும்பி வருவதும், தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசை வைப்பதும், கூரைக்குக் கீழே புழுங்கிக் கிடப்பதுமாகக் காலத்தை ஓட்டினார்கள்.

சந்தனமாரியால் மட்டும் மறக்க முடியவில்லை. காரணம் அவள் புருஷன் கொம்பையா.

கொம்பையா வாய் ஓயாத மனுஷனாக இருந்தவன். அளத்தில் பலகை போட்டு உப்பு வாருகிறபோது அவன் பேச்சு நாலு பாத்தி தாண்டிக் கேட்கும். யாரையாவது கேலி செய்துகொண்டு, யார் வீட்டுப் பஞ்சாயத்தையோ தீர்த்துக்கொண்டு, பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் கொக்கோடு பேசிக்கொண்டு வேலை செய்வான். அப்படி வருஷக்கணக்காக வெள்ளை வெளேரென்ற உப்பைப் பார்த்துப் பார்த்து அவன் கண் இரண்டும் வெந்துபோயின. முதலில் கரித்தது, பிறகு நீர் கோத்தது, பிறகு பகல் வெளிச்சத்தில் இமையைத் திறந்தாலே மிளகாய்ப் பொடியை அள்ளி வீசினாற்போல் எரிந்தது. டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு போயிரலம்மா, தேறிரும். ஆனா இருட்டு அறையில பூட்டி வச்சீங்கன்னா இன்னும் மோசமாகும். பகல்ல நல்ல மர நிழல்ல, காத்தோட்டமா உக்கார வைங்க" என்றார். நல்ல மனுஷர்தான், மொட்டைத்தருவையைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

எனவே கொம்பையா சன்னலில் சாக்கைக் கட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்தான். பொழுது சாய்ந்த பிறகு வெளியே வருவான், விடியுமுன் உள்ளே போய்விடுவான். பேச்சு ஒவ்வொரு சொல்லாக அவனைவிட்டுப் போனது. இரண்டு வருஷத்தில் "சோறு வை", "போதும்" என்பதைத் தவிர வேறொன்றும் அவன் வாயிலிருந்து வராமல் போக, சந்தனமாரி ஒருநாள் அளத்திலிருந்து வரும்போது தேரிக்காட்டு ஓரமாகச் சுற்றிப் போய்ப் பூவரசம் போத்து ஒன்றை ஒடித்து வந்தாள். கைப்பருமன் குச்சி. அதை ஈரச்சாக்கில் சுற்றி வீட்டு மூலையில் சாய்த்துவிட்டு, "இந்த மண்ணுல நட்டா இதுவும் செத்துரும். மண்ணையே புதுசா செய்யப் போறேன்" என்றாள்.

"மண்ணை எவன்ட்டி செஞ்சிருக்கான்?" என்றான் கொம்பையா. எத்தனையோ மாதம் கழித்து அவன் கேட்ட முதல் கேள்வி அது.

முதலில் குழி வெட்டினாள். முழங்கால் ஆழத்துக்குள் உப்புத்தண்ணி ஊறி வந்தது, போட்ட குப்பையெல்லாம் வெள்ளைப் பொருக்குத் தட்டி ஊறுகாய்போல் ஆனது. குழியை மூடிவிட்டு, அடி வெடித்து, யாரோ தூக்கி எறிந்திருந்த நீல டிரம் ஒன்றை உருட்டி வந்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுற்றிலும் துளை போட்டு, நாலு கல்லின் மேல் தூக்கி வைத்தாள். அப்புறம் அவள் போகும் வழியெல்லாம் பொறுக்க ஆரம்பித்தாள். உடைமரத்துச் சருகு, பனையோலைத் துண்டு, கிடை போட்ட இடத்து ஆட்டுப் புழுக்கை, வாழைப்பழத் தோல், அடுப்புச் சாம்பல், தேரிக்காட்டிலிருந்து மடியில் கட்டிக் கொண்டுவந்த செம்மண், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் டிரம்முக்குள் போயின. குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் குப்பைக்கு எங்கே போவது? அரிசி களைந்த கழனித்தண்ணி, காய் அலசிய தண்ணி, சோப்புப் படாமல் கை கழுவிய தண்ணி, இவ்வளவுதான் டிரம்முக்கு. ஈரம் பறந்துவிடாமல் மேலே நனைத்த சாக்கைப் போட்டு மூடினாள்.

பொழுது இறங்கியதும் கொம்பையா வந்து கிளறுவான். அதை அவனிடம் விட்டுவிட்டாள். கையை உள்ளே விட்டுச் சூடு பார்ப்பான், ஒரு பிடி எடுத்துப் பிழிவான். தண்ணி சொட்டினால் சருகு கேட்பான், உதிர்ந்துபோனால் கழனித்தண்ணி கேட்பான். "இன்னைக்கு உள்ள நல்லா கொதிக்குட்டி" என்பான், பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்தவன்போல. அவ்வளவு பேச்சே அவளுக்கு அமிர்தமாக இருந்தது.

சண்டை வந்தது மீன் பானையால். பக்கத்து வீட்டு ஜெபமணி கூடையில் மீன் சுமந்து விற்பவள், கால் முட்டு தேய்ந்தவள், குரல் தேயாதவள். செடிக்கு ஊட்டச் சாறு செய்ய அவளிடம் மீன் செதிலும் குடலும் தலையும் வாங்கி, உருகிப் போனதென்று கடைக்காரர் ஒதுக்கிவைத்த கருப்பட்டியை அதே எடைக்குப் போட்டுப் பிசைந்து, மண்பானையில் வைத்து, வாயில் துணியால் வேடு கட்டினாள் சந்தனமாரி. மறுநாளிலிருந்து அந்தத் தெருவில் மூக்கு உள்ள யாரும் நிம்மதியாக இல்லை.

"ஏட்டி மாரி! நான் பொறந்ததுலருந்து மீனோட கெடக்கேன், எனக்கே கொமட்டுதுன்னா பாத்துக்கோ" என்று ஜெபமணி நடுத்தெருவில் நின்று கத்தினாள். "பானையைத் தூக்கிக் கடல்ல போடுதியா, இல்ல நான் போடட்டுமா?"

"யக்கா, கொஞ்ச நாள் பொறுங்க. பழ வாடை வரும்."

"மீனுல பழ வாடை! உம் புருஷனுக்குக் கண்ணு போச்சு, உனக்கு மூக்கு போச்சா?"

சொன்ன பிறகு ஜெபமணிக்கே அது சுருக்கென்றது. சன்னல் சாக்குக்குப் பின்னால் ஆள் இருப்பது அவளுக்கு நினைவுக்கு வந்துவிட்டது. விறுவிறுவென்று உள்ளே போனாள். ஆனால் பானையைத் தொடவில்லை. நாளாக நாளாக நாற்றம் அடங்கி, ஒரு காலையில் பானையின் வேடுதுணியை அவிழ்த்தபோது பலாப்பழம் அறுத்தாற்போல் ஒரு மணம் தெரு முழுக்கப் போயிற்று. ஜெபமணி வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். "வந்துட்டுதாக்கும்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

டிரம்மில் குப்பை கறுத்து, பொலபொலவென்று ஆகி, மழை பெய்த மண்ணின் வாசனை வந்ததும் சந்தனமாரி வாசலில் ஒரு மேடு கூட்டினாள். உப்புமண் வேரைத் தொடாதபடி அடியில் ஓட்டுச் சில்லும் சிரட்டையும் பரப்பி, மேலே தேரிமண்ணும் எருவும் கலந்து போட்டு, அதுவரை ஈரச்சாக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த போத்தை நடுவில் நட்டு, ஒரு வாளிக் கழனித்தண்ணியில் ஒரு கரண்டி மீன்சாறு கலந்து ஊற்றினாள். கூடிப் போனால் வேர் வெந்துவிடும். பிறகு அடியில் சருகைப் பரப்பி, வீட்டில் இருந்த ஒரே சாமி படத்துக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அளத்துக்குப் போனாள்.

அன்று சூரியன் ஏறியபோது வாசலில் நிழல் விழுந்தது.

குச்சி குச்சியாகவேதான் நின்றது. இலை இல்லை, கொப்பு இல்லை. ஆனால் தரையில் ஒரு முதிர்ந்த பூவரசு தன் நிழலை விரித்துப் போட்டிருந்தது, கொப்பும் கிளையுமாக, இதய வடிவ இலைகள் காற்றில் அசைய அசைய, சந்தனமாரி வீட்டு வாசலைத் தாண்டி, ஜெபமணி வாசலைத் தாண்டி, தெருவின் பாதி வரைக்கும். அண்ணாந்தால் வெறும் வானம். குனிந்தால் குளிர்ந்த நிழல். காலையில் மேற்கே நீண்டு கிடந்தது, உச்சியில் சுருங்கி வட்டமாக ஒடுங்கியது, பிறகு கிழக்கே சாய்ந்தது, எந்த மரத்து நிழலையும்போலத்தான்.

முதலில் ஆடுகள் வந்து படுத்தன. ஆடு எதையும் அண்ணாந்து பார்க்கிற பிராணி இல்லை. அடுத்து நாய்கள். அடுத்து ஜெபமணி வந்து மீன்கூடையை இறக்கி வைத்து, காலை நீட்டி உட்கார்ந்து, மேலே பார்த்து, கீழே பார்த்து, "மேல மரத்தைக் காணல" என்றாள். அளத்திலிருந்து திரும்பியவர்கள் ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்தார்கள், கையை நிழலுக்குள் வைத்து எடுத்து, வெயிலில் வைத்து, மறுபடியும் நிழலுக்குள் வைத்தார்கள். குளிர்ச்சி இருந்தது. அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? அன்று மதியம் பாதிக் காலனி தூக்குவாளியோடு அங்கே வந்து சோறு தின்றது.

மறுவாரமே அது எப்போதும் இருந்த இடம்போல் ஆகிவிட்டது. பூ கட்டுகிறவர்கள் அங்கே உட்கார்ந்து பூ கட்டினார்கள், தாயம் ஆடுகிறவர்கள் அங்கே கட்டம் கீறினார்கள். ஒரு பெண் பிள்ளைக்குத் தொட்டில் கட்டத் துணியோடு வந்து, அண்ணாந்து பார்த்து, "நெழலு இருந்து என்ன, கொப்பு இல்லையே" என்று குறைப்பட்டாள். ஆண்கள் இரண்டு கம்பு நட்டுக் கொடுத்தார்கள். அளத்தில் மயங்கி விழுந்தவளைத் தூக்கி வந்து அங்கேதான் கிடத்தினார்கள், அரைமணியில் எழுந்து உட்கார்ந்து நீராகாரம் கேட்டாள். குச்சிக்கு மஞ்சள் துணி கட்டலாம் என்று சிலர் சொன்னார்கள், சிலுவை நடலாம் என்று சிலர் சொன்னார்கள். "சாமியாக்கிட்டா அப்புறம் யாரும் குப்பை போட மாட்டீங்க, தேங்காதான் ஒடைப்பீங்க" என்று சந்தனமாரி இரண்டுக்கும் முடியாதென்று விட்டாள். விஷயம் கேள்விப்பட்டு ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார், மரம் எங்கே என்றார், இல்லை என்றார்கள், அப்படியானால் நிழல் எங்கே என்றார், நீங்கள் நிற்கிறதுதான் என்றார்கள். அவர் யோசித்தபடியே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கி, சாயங்காலம் எழுந்து, முகம் கழுவிக்கொண்டு, வந்த ஜீப்பிலேயே ஏறிப் போனார்.

வராதவன் கொம்பையா ஒருவன்தான்.

"வாங்க, எல்லாரும் உக்காந்திருக்காவ. கை பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்று சந்தனமாரி தினமும் கூப்பிட்டாள்.

"எல்லாரும் உக்காந்திருக்காவன்னுதான் வரல. அம்புட்டு பேர் முன்னால கண்ணுல தண்ணி ஒழுக, தடவிக்கிட்டு வரணுமாக்கும்?"

"உங்களுக்குத்தான போட்டேன்."

"நீ போட்டது எனக்கு. விழுந்தது ஊருக்கு. விடு."

சாக்குச் சன்னலுக்கு வெளியே சிரிப்பும் தாயக்கட்டையும் உருள, உள்ளே அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கிளறுவதையும் விட்டுவிட்டான். கத்திரி வெயில் வந்தது. அளத்தில் விளைச்சல் கூடி வேலை இரட்டித்தது. திரும்பி வருகிற சந்தனமாரிக்குத் தன் வாசலிலேயே கால் வைக்க இடம் இல்லை. ஆட்களை விலக்கி, ஆட்டை விலக்கி, வாளியைத் தூக்கிப்போய்க் குச்சிக்கு ஊற்றினாள். நீ கொஞ்சம் உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தில் இல்லை. நிழல் தானாக விழுகிறது என்று அவர்களுக்கு நினைப்பு. ஒருநாள் வாளியைக் கையில் பிடித்தபடி நின்று, மூடிக் கிடந்த தன் வீட்டுச் சன்னலைப் பார்த்தாள். ஊற்றாமல் உள்ளே போனாள். அடுத்த நாளும் ஊற்றவில்லை. டிரம்மில் ஒன்றும் போடவும் இல்லை. அவளுக்குக் கோபம்கூட இல்லை, கை ஓய்ந்துவிட்டது.

நிழல் முதலில் வெளுத்தது, பலதடவை துவைத்த சேலைபோல. பிறகு இலை இலையாக ஓட்டை விழுந்தது. ஊர் அதைப் பார்த்தும் பார்க்காமல் கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்துகொண்டது.

ஒரு முற்பகல். எல்லாரும் அளத்தில் இருந்தார்கள். ஜெபமணி மட்டும் விற்று மீந்த மீனோடு வந்து நிழலில் சாய்ந்து கண்ணயர்ந்தவள், பாதம் சுட்டு விழித்தாள். காலை மடக்கினாள். நிழல் முழங்காலுக்கு வந்தது. உடம்பை இழுத்தாள், நிழலும் உள்ளே இழுத்துக்கொண்டது. எழுந்திருக்க முடியாமல் தவழ்ந்து போய்ச் சன்னல் சாக்கை அடித்தாள்.

"அண்ணாச்சி! நெழலு கரையுது, அண்ணாச்சி!"

சாக்கை மறுபடியும் அடித்தாள்.

"உம்மத்தான்! மாரி வாரதுக்குள்ள ஒண்ணும் மிஞ்சாது!"

"டிரம்முல என்ன கெடக்கு?" என்று கேட்டது குரல்.

"அடியில கொஞ்சம். காஞ்சுபோய்க் கெடக்கு."

"மீன்சாறு?"

"பானையில இருக்கு. எனக்கு ஏனத்தைத் தூக்க ஏலாது அண்ணாச்சி, முட்டு நிமிர மாட்டேங்கு."

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. இரண்டு வருஷத்துக்கு மேலாகப் பகலைப் பார்க்காத கொம்பையா, ஒரு கையில் கழனித்தண்ணி வாளியும் மறு கையில் சுவருமாக, கண்ணை இறுக மூடிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கினான். மூடிய இமைக்குள்ளும் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. கன்னத்தில் நீர் வழிந்தது, அதைத் துடைக்க அவனிடம் கை இல்லை.

"நேர வாரும். கொஞ்சம் வலது பக்கம். ஆடு படுத்திருக்கு, மிதிச்சிராதேயும். இந்தா, இதுதான் டிரம்மு."

அவன் டிரம்மின் அடியைச் சுரண்டி எருவை அள்ளினான். பானையைத் தடவி ஒரு கரண்டிச் சாற்றை வாளியில் விட்டுக் கையாலேயே கலக்கினான். மேட்டுக்குப் போய்க் குந்தினான். மண் கல்லாக இறுகிக் கிடந்தது. ஊர் முழுக்க மிதித்திருந்தது. "மண்ணு மூச்சு விடவே வழி இல்லையே, பாவிகளா" என்று முனகிக்கொண்டே விரலால் நோண்டி நோண்டிப் பொலபொலப்பாக்கினான், நகம் பிய்ந்தது, எருவைப் போட்டான், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான், ஜெபமணி தன் கூடைக்கு அடியில் விரித்திருந்த ஓலையைப் பிய்த்துக் கொடுக்க அதையும் மேலே பரப்பி மூடினான். மூடிவிட்டு அப்படியே இருந்தான்.

பிடரியில் முதலில் பட்டது. ஈரத்துணியை யாரோ மெள்ளப் போர்த்தினாற்போல ஒரு குளிர்ச்சி பிடரியில் இறங்கி, முதுகில் இறங்கி, இமைமேல் வந்து நின்றது. ஊசி ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போயிற்று. கொம்பையா கண்ணைத் திறந்தான்.

எரியவில்லை. கலங்கலாக, பிறகு தெளிவாக, ஓர் ஆட்டின் முகம் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஜெபமணி.

"தலை என்னம்மா இப்படி வெளுத்துப்போச்சு உனக்கு?" என்றான்.

ஜெபமணி தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "வயசு நிக்குமா அண்ணாச்சி" என்று சொல்லி முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். "அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். மனசுல வச்சுக்கிடாதேயும்."

"எதைச் சொல்லுத? நீ தெனமும் ஆயிரம் வார்த்தை சொல்லுத, நான் எதை வச்சுக்கிட" என்றான் அவன். பிறகு குச்சியின் பக்கம் குனிந்து, விரலால் தடவி, "இங்க பாரு" என்றான். பட்டையில் கடுகளவில் பச்சையாக இரண்டு முளை. "கண்ணு விட்டிருக்கு."

உப்பு வாரிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த சந்தனமாரி அந்தக் குரலைத் தொலைவிலேயே கேட்டாள். யாரையோ ஏசிக்கொண்டிருந்தது. வரப்பில் நின்று காதைக் கொடுத்தாள். தலையில் இருந்த சும்மாட்டுத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள், பிறகு ஓடினாள்.

அவளுக்கு முன்பே வந்து சேர்ந்தவர்களையெல்லாம் நிழலுக்கு வெளியே வரிசையாக நிறுத்திவைத்திருந்தான் கொம்பையா. "வெறுங்கையோட எவனும் உள்ள வரப்பிடாது! வீட்டுல கழனித்தண்ணி இல்லையா? வாழைத்தோலு இல்லையா? நீ என்ன, சருகு பொறுக்குனா கையி கறுத்துருமோ? குச்சியைச் சுத்தி இந்தக் கோட்டுக்கு உள்ள காலு வச்சா முட்டியைப் பேத்துருவேன்." ஏச்சு வாங்கியவர்கள் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. ஒருவர் தூக்குவாளியில் மீந்த நீராகாரத்தைக் கொண்டுபோய் டிரம்மில் ஊற்றினார். இன்னொருவர் வீட்டுக்குப் போய் அடுப்புச் சாம்பலை முறத்தோடு எடுத்து வந்தார். பூ கட்டும் பெண்கள் வாடின பூவையெல்லாம் அள்ளிப் போட்டார்கள். நிழல் பழையபடி பாதித் தெருவுக்கு விரிந்து, இன்னும் கொஞ்சம் போய், எதிர் வீட்டுப் படியையும் தொட்டது.

கூட்டம் விலகி வழி விட்டது. கொம்பையா பெண்டாட்டியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தான். வெயிலில் கருகிய முகம், உப்பு அரித்துப் பிளந்த பாதம், தோளில் ஏறி நிற்கிற எலும்பு.

"உக்காருட்டி" என்றான்.

"சோறு வடிக்கணும். லாரி வார நேரம். கொடத்தை வைக்கல இன்னும்."

"உக்காருன்னு சொல்லுதேன்."

ஜெபமணி நகர்ந்து இடம் விட்டாள். அந்த நிழலை உண்டாக்கியவள் அன்றுதான் முதல் தடவையாக அதில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, காலை நீட்டி, முதுகைச் சாய்க்க எதுவும் இல்லாமல் புருஷன் தோளில் சாய்த்து, "டிரம்முல சருகு பத்தாது, நாளைக்கு நான் வாரப்ப உடைங்காட்டுப் பக்கமா..." என்று ஆரம்பித்தவள் அந்தப் பேச்சை முடிக்கவில்லை. தலை சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்து, பச்சைப்பிள்ளைபோல மூச்சு விட்டாள்.

தாயம் ஆடியவர்கள் கட்டையை உருட்டாமல் கையில் வைத்துக்கொண்டார்கள். கொம்பையா ஆடாமல் அசையாமல் தோளைக் கொடுத்தபடி, கண்ணை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தான், வீடுகளைப் பார்த்தான், தூரத்தில் கோடாகத் தெரிந்த கடலைப் பார்த்தான். தண்ணீர் லாரி முனை திரும்பியது. டிரைவர் ஹாரனில் கை வைக்கப் போனபோது ஜெபமணி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். லாரி சத்தமில்லாமல் வந்து நின்றது. பெண்கள் குடங்கள் ஒன்றோடொன்று இடித்துவிடாமல் இடுப்பில் அணைத்துக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்தார்கள், சந்தனமாரியின் குடங்களையும் யாரோ எடுத்துப் போய் நிறைத்து, தளும்பாமல் கொண்டுவந்து, அவள் வாசலில் இறக்கி வைத்தார்கள்.